அப்பாவுக்குக் கிடைத்த பதினோரு நிமிடம்

அப்பா நாற்பத்தோரு வருடம் சினிமாவில் நடித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். அவர் திரையில் தெரிந்த நேரத்தையெல்லாம் சேர்த்தால் ஐந்தரை மணி நேரம் வரும். சேர்த்துப் பார்த்தது நான் இல்லை, அவருடைய ரசிகர்கள்.

அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள் என்பதை எங்கள் உறவினர்கள் கடைசிவரை நம்பவில்லை. மொத்தம் எழுபது எண்பது பேர் இருப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஒரு பல் மருத்துவர், இரண்டு வங்கி ஊழியர்கள், தலை நரைத்த சிலர். மாதம் ஒருமுறை ஒரு சின்ன அரங்கை வாடகைக்கு எடுத்து, அவர் வரும் காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிப் பார்ப்பார்கள். கதை கிடையாது, கதாநாயகன் கிடையாது. அப்பா மட்டும் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே இருப்பார்.

அவருடைய பட்டப்பெயரே 'கதவு'தான். மூன்றாவது படத்தில் வந்த பெயர். கதாநாயகன் ஒரு பெரிய வீட்டுக் கதவைத் தட்டுகிறான். வேலைக்காரன் திறக்க வேண்டும். தாளில் எழுதியிருந்தது அவ்வளவுதான். அப்பா திறந்தார். கதாநாயகனைக் காலிலிருந்து தலை வரை பார்த்தார், தலையிலிருந்து கால் வரை பார்த்தார். மூக்கைச் சுருக்கி ஒருமுறை மோந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டார். இயக்குநருக்குக் 'கட்' சொல்லத் தோன்றவில்லை. எட்டு விநாடி கழித்து அப்பாவே மறுபடி திறந்து, "வாங்க" என்றார். படம் மூன்று நாள்தான் ஓடியது. அந்த எட்டு விநாடி மட்டும் நாற்பது வருடம் ஓடியது.

அதன்பின் எங்கே கதவு இருந்தாலும் அவரைக் கூப்பிட்டார்கள். காவல்காரர், கம்பவுண்டர், சிறை வார்டர், விடுதி வரவேற்பாளர், பிணவறை ஊழியர். ஒரு படத்தில் கதவே இல்லாத கூடாரம். அதிலும் இல்லாத கதவைத் திறந்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி வைத்திருப்பார். படப்பிடிப்புக்குப் போனதும் முதல் வேலை, கதவின் கீலுக்கு எண்ணெய் விடுவது. "சத்தம் போடுற கதவு என் பங்கு நடிப்பையும் சேர்த்து அதுவே நடிச்சிடும்" என்பார். உறவினர் வீட்டுக்குப் போனாலும் இதேதான். பேசிக்கொண்டே இருப்பார், திடீரென்று எழுந்து போய் அவர்கள் குளியலறைக் கதவுக்கு எண்ணெய் விட்டுவிட்டு வருவார். சித்தப்பா ஒருமுறை சொன்னார்: "அண்ணன் வந்துட்டுப் போனா வீட்டுல ஒரு ரகசியம் தங்காது. யார் எப்ப உள்ள வர்றான்னே தெரிய மாட்டேங்குது."

வேடம் கிடைத்தால் ஒரு வாரம் முன்பே வீட்டில் ஆரம்பித்துவிடுவார். அவர் அலுவலகக் குமாஸ்தாவாக இருந்த வாரம், பள்ளிச் சுற்றுலாத் தாளில் கையெழுத்துக் கேட்டுப் போனேன்.

"மனுவை நாளைக்குக் கொண்டு வா. மூணு பிரதி வேணும்."

உள்ளே இருந்து அம்மா சொன்னாள்: "அப்படியே உங்க சாப்பாட்டையும் நாளைக்கு வாங்கிக்குங்க. நாங்களும் மூணு பிரதி போட்டுத் தர்றோம்."

கையெழுத்து உடனே கிடைத்தது.

கம்பவுண்டராக இருந்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். கணக்கு டீச்சர் என் மதிப்பெண்களைச் சொல்லத் தொடங்கியதும் அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "ராத்திரி தூக்கம் எப்படிம்மா?" டீச்சர் பத்து நிமிடம் தன் தூக்கத்தைப் பற்றிச் சொன்னார். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பதினான்கு வயது. அடுத்த கூட்டத்திலிருந்து, அப்பா வெளியூரில் இருக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தேன். பள்ளி முடியும்வரை அவர் வெளியூரிலேயே இருந்தார்.

நான் பொறியாளர் ஆனேன். தொழிற்சாலை இயந்திரங்களின் அதிர்வை அளப்பது என் வேலை. ஒரு பேரிங் தேயத் தொடங்கினால் முதலில் அதன் ஓசை மாறும். சூடு பிறகு, உடைவது அதற்கும் பிறகு. உடைவதற்கு முன்பே சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். "நீயும் கதவுல காது வச்சுக் கேக்குற வேலையிலதான் சேர்ந்திருக்கே" என்றார் அப்பா. அவருக்கு அதில் பெருமை.

*

போன வருடம் ஒரு இளம் இயக்குநர் அவரைத் தேடி வந்தார். அந்த எழுபது எண்பது பேரில் ஒருவர். அவருடைய முதல் படம். அதில் மருத்துவமனையின் பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிழவர். முப்பது வருடத்துக்கு முன் பிறந்த தன் குழந்தையின் தாளைத் தேடி ஒரு பெண் வருகிறாள். தர முடியாது என்று கிழவர் பேசத் தொடங்குகிறார். பேசிப் பேசி, கடைசியில் எழுந்து ஆவண அறையின் கதவைத் திறந்துவிடுகிறார். பதினோரு நிமிடம், ஒரே ஷாட். அவர் முகம் மட்டும்.

அதற்கு முன் அப்பாவுக்குக் கிடைத்த நீளமான காட்சி நாலு நிமிடம்.

எனக்குப் போன் செய்தார். "பதினோரு நிமிஷம்மா. வெட்டே கிடையாது." நான் ஒரு சிமெண்ட் ஆலையில் அரவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். "கேக்கலப்பா, அப்புறம் பேசறேன்" என்றேன். மறுநாள் மாலைதான் பேசினேன்.

அந்தக் காட்சியை ஒரு மழை நாளில் எடுத்தார்கள். பதினோரு நாள் கழித்து அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் இரண்டாம் நாள் இறந்துபோனார். வயது எழுபத்தொன்று.

இந்தத் தொழிலில், படப்பிடிப்பில் பதிவாகும் குரலைப் பெரும்பாலும் வைத்துக்கொள்வதில்லை. சுற்றிலும் சத்தம் இருக்கும். அந்தப் பதிவு ஒரு அடையாளத்துக்குத்தான். பிறகு ஒரு மூடிய அறையில் நடிகர் தன் படத்தைப் பார்த்தபடி வசனத்தை மறுபடி பேசுவார். அதுதான் டப்பிங். அப்பாவின் படத்துக்கு அது இன்னும் தொடங்கவில்லை. முகம் படத்தில் இருந்தது. குரல் இல்லை.

மூன்று வாரம் கழித்து இயக்குநர் வீட்டுக்கு வந்தார். தோள்பையைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"தயாரிப்பாளர் மிமிக்ரி கலைஞர் ஒருத்தரைப் பேசி வச்சிருக்காரும்மா. சார் மாதிரியே பேசுவாராம்."

"அவரு மாதிரிப் பேசினா அவராயிட முடியுமா?" என்றாள் அம்மா.

"அதுக்குத்தான் அக்காவைப் பாக்க வந்தேன். ஷூட்டிங்ல பதிவான சத்தம் எங்கிட்ட இருக்கு. ஜெனரேட்டர், மழை, மேல தகரக் கூரை. எல்லாத்துக்கும் அடியில சார் குரல் எங்கேயோ இருக்கு. எங்க ஒலி ஆளுங்க கையை விரிச்சிட்டாங்க. அக்கா சத்தத்தைப் பிரிக்கிற வேலை பாக்கறாங்கன்னு சார் அடிக்கடி சொல்வாரு. பத்து நாள் டைம் வாங்கியிருக்கேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். "முடியுமா?"

"பாக்கறேன்."

"பாக்கறேன்னு சொல்லாதே. இருநூறு படத்துல யாரோ பேசுறதுக்குக் கதவைத் திறந்து விட்டுட்டு நின்ன மனுஷன். பேசக் கிடைச்சது இந்த ஒண்ணுதான். அதுவும் இன்னொருத்தர் வாய்க்குப் போகக் கூடாது."

பத்து நாள் விடுப்பு எடுத்தேன்.

*

அப்பாவின் மேசையில் உட்கார்ந்து வேலை செய்தேன். ஜெனரேட்டர் எளிது. அது ஒரே சுருதியில் ஓடும், அதன் மடங்குகளில் திரும்பத் திரும்ப வரும். இரண்டு நாளில் எடுத்துவிட்டேன். தகரக் கூரை மூன்று நாள். மழைக்குத் தனிச் சுருதி கிடையாது. எல்லா இடத்திலும் பரவியிருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சுரண்ட முடியும்.

இதில் ஒரு தவறு செய்தேன். நான் வார்த்தைகளைக் கேட்கவே இல்லை. வசனத் தாள் பக்கத்தில் இருந்தது. திரையில் அவர் உதடு அசைந்தது, அடியில் அவர் குரல் ஏறி இறங்கியது. கோபப்பட வேண்டிய இடத்தில் கோபம், தயங்க வேண்டிய இடத்தில் தயக்கம். என்ன பேசுகிறார் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, கணினியில் ஒலியின் கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரங்களோடு வந்த பழக்கம்.

ஆறாம் நாள் மதியம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல்முறையாக அவர் பேசுவதைக் கேட்டேன்.

"இருபத்தேழு," என்றார் அப்பா. மன்னிப்புக் கேட்கும் குரலில். "இருபத்தெட்டு..." கொஞ்சம் நிறுத்தி, கண்ணைத் தாழ்த்தி, "இருபத்தொன்பது."

கோப்பு மாறிவிட்டது என்று நினைத்தேன். முதலிலிருந்து போட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணு," என்றார். "ரெண்டு, மூணு, நாலு."

இயக்குநருக்குப் போன் செய்தேன். கேட்டதைச் சொன்னேன்.

"வசனம் மறந்தா நம்பர் சொல்லிச் சமாளிக்கிறது இங்க உண்டுதான் அக்கா. டப்பிங்ல சரி பண்ணிக்குவாங்க. ஆனா சார் அப்படிச் செய்ய மாட்டாரு. ஒரு எழுத்து தப்ப மாட்டாரே."

"உங்களுக்கு அன்னைக்குக் கேக்கலையா?"

"மழையில எதுவும் கேக்கல. நான் மானிட்டர்ல முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். எதிர்ல நடிகையும் இல்லை, அவங்களுக்கு அன்னைக்கு வேற ஷூட்டிங். விளக்குக் கம்பத்துல ஒரு வெத்துச் சீட்டை ஒட்டி வச்சு, அதையே அந்தப் பொண்ணா நெனச்சுப் பேசச் சொன்னேன். அந்த முகத்தைப் பாத்துட்டு நான் அழுதேன் அக்கா."

மறுபடி கேட்டேன். நாற்பத்து மூன்றுக்குப் பிறகு முப்பத்து நான்கு வந்தது. அங்கிருந்து வரிசையாக நாற்பத்து மூன்றுவரை போனார். மறுபடி முப்பத்து நான்கு. மூன்று முறை அதே வட்டம். முகத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை. கண் கலங்கியது, குரல் உடைந்தது, எண் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் ஓசைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதுதான் என் தொழில்.

சமையலறைக்குப் போனேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு மறதி இருந்ததா?"

குழாயை மூடவில்லை. கையில் இருந்த பாத்திரத்தை முழுவதும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒன்றரை வருஷமா."

அந்த ஒன்றரை வருடத்தில் நான் ஐந்து முறை வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஒருமுறை, எந்த ஆலையில் வேலை என்று ஒரே சாப்பாட்டில் மூன்று தடவை கேட்டார். காது மந்தமான கிழவர் வேடம் என்று நினைத்துக்கொண்டு நானும் மூன்று தடவை மூன்று வேறு பதில் சொன்னேன். இன்னொருமுறை குளியலறைக் கதவின் முன்னால் கைப்பிடியைப் பார்த்தபடி நின்றார். தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. நான் கைதட்டினேன். "பிரமாதம்ப்பா, எந்தப் படம்?" என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து, தலை குனிந்து வணங்கினார்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"நீ மட்டுமா? முதல் ரெண்டு மாசம் நானும் அப்படித்தான் நெனச்சேன். எண்ணெய்க் குப்பியை ஃப்ரிட்ஜுல வச்சிருந்தாரு. எந்தப் படத்துக்குங்க இந்தக் கூத்துன்னு கேட்டேன். கட்டில்ல உக்காந்துக்கிட்டு, 'படம் எதுவும் இல்லம்மா'ன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. வெளியில தெரிஞ்சா இந்தப் படம் போயிடும். தினமும் காலையில அந்த வசனத்தை நான்தான் படிச்சுக் காட்டுவேன். ஒவ்வொரு நாளும் புதுசாக் கேக்கிற மாதிரிக் கேப்பாரு. கதை நல்லாயிருக்கேம்பாரு. வார்த்தை நிக்காதுன்னு அவருக்கே தெரியும். 'முகத்தை அங்க கொடுத்துட்டா போதும், டப்பிங் ரூம் இருட்டுதான், வரி வரியாப் பாத்துப் படிச்சுக்குவேன்'னாரு."

அப்போதுதான் குழாயை மூடினாள்.

*

ஒன்பதாம் நாள் அம்மாவும் நானும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனோம். சத்தம் நீக்கிய காட்சியை இயக்குநருக்குப் போட்டுக் காட்டினேன். மறதியைப் பற்றி அம்மாவே அவரிடம் சொன்னாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, இப்படியே விட்டுடலாமா? எண்களோடவே? சாரோட ரசிகருங்க கொண்டாடுவாங்க."

"கொண்டாடுவாங்க தம்பி. சிரிச்சிக்கிட்டுக் கொண்டாடுவாங்க. அவரு வேடிக்கைக்கு எண்ணலை. வேணாம்."

"அப்போ மிமிக்ரிதான்..."

அறையின் மூலையில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாக வில்லன்களுக்குக் குரல் கொடுத்து வந்த டப்பிங்காரர். அப்பாவுக்குப் பழக்கம். இயக்குநர் அவரிடம் யோசனை கேட்பதற்காக அழைத்திருந்தார்.

"இன்னொரு தடவை போடும்மா," என்றார் என்னிடம். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மூச்சைக் கேட்டியா?"

"எது சார்?"

"ஒரு வரி முடிச்சு அடுத்த வரிக்கு இழுக்கிறாரு பாரு. வாயில எண்ணு வந்திருக்கு. மூச்சு வசனத்துக்குத்தான் வந்திருக்கு. சண்டைக்கு இழுக்கிறது வேற, மன்னிப்புக் கேக்க இழுக்கிறது வேற. வார்த்தை போனாலும் இந்த மனுஷனுக்கு எங்க எதுக்கு மூச்சு வாங்கணும்னு தெரிஞ்சிருக்கு." இயக்குநர் பக்கம் திரும்பினார். "வசனம் நான் பேசறேன். அவரை மாதிரி இல்லை, என் குரல்ல. ஆனா ஒரு மூச்சு விட மாட்டேன். எல்லா மூச்சும் அவருதா இருக்கணும். இந்தப் பொண்ணு பிரிச்சுக் கொடுக்கட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அது கஷ்டம் சார்," என்றேன். உண்மையைச் சொன்னேன். குரலுக்குச் சுருதி உண்டு, பிரித்துவிடலாம். மூச்சுக்குச் சுருதி இல்லை. அதுவும் மழை மாதிரிதான். மழையிலிருந்து மூச்சைப் பிரிப்பது, தண்ணீரிலிருந்து தண்ணீரைப் பிரிப்பது.

"பாக்கறேன்னு சொல்லேன்," என்றாள் அம்மா.

இயக்குநர் இன்னும் ஐந்து நாள் வாங்கித் தந்தார். மொத்தம் அறுபத்து நான்கு மூச்சு. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் பெய்த மழையை அளந்து, அதை மட்டும் கழித்தேன். சிலது பத்து நிமிடத்தில் வந்தது. ஒன்றுக்கு ஒரு நாள் ஆனது. அப்பா இருந்தபோது இவ்வளவு பக்கத்தில் காது வைத்து அவரை நான் கேட்டதில்லை. அறுபத்தொன்று கிடைத்தது. மூன்றை மழை கொண்டுபோய்விட்டது.

டப்பிங் இரண்டு நாள் நடந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் டப்பிங்காரர் மைக்கிலிருந்து திரும்பி, நெஞ்சு நிறையக் காற்றை வாங்கிக்கொண்டு, வாயை மூடித் திரும்பி வந்து பேசினார். முகம் சிவந்து வியர்த்தது. இடையில் தண்ணீர் குடிக்க வந்தவர், "உங்க அப்பா எமகாதகரு. செத்தும் என்னைக் குளத்துல முக்கி எடுக்கறாரு" என்றார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போனார். கிடைக்காத மூன்று இடங்களில் மட்டும் டப்பிங்காரருடைய மூச்சையே வைத்தோம்.

*

முதல் காட்சிக்கு அந்த எழுபது எண்பது பேரும் வந்திருந்தார்கள். அப்பா திரையில் தோன்றியதும் வழக்கம்போல ஒரு குரல் எழுந்தது: "கதவு வந்தாச்சு!" விசில், கைதட்டல். பிறகு அவர் பேசத் தொடங்கினார். வேறு குரல் என்று தெரிந்ததும் முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு. அடுத்த வரிக்கு அப்பா மூச்சை இழுத்தார். முணுமுணுப்பு நின்றது. ஏன் நின்றது என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்து நான்கு வருடம் அந்த மூச்சுக்குப் பக்கத்தில் தூங்கியவள். எந்த இடத்தில் எது யாருடையது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. ஏழாவது நிமிடத்தில் அவள் பிடி தளர்ந்தது. குனிந்து என் காதில் சொன்னாள்.

"இப்ப வந்தது அவருது இல்லை."

"அது மழையில போயிடுச்சும்மா."

தலையசைத்தாள். அடுத்த மூச்சு வந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டாள்.

பதினோராவது நிமிடத்தில் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து, அந்தப் பழைய அறையின் கதவைத் திறந்தார். அந்த இடத்தில் ஒரு கிறீச் ஓசை சேர்க்கலாமா என்று ஒலிக்கூடத்தில் கேட்டிருந்தார்கள். பழைய கதவு, பொருத்தமாக இருக்கும் என்றார்கள். வேண்டாம் என்றேன். பதிவில் அந்த இடத்தை நான் பலமுறை பார்த்திருந்தேன். ஜெனரேட்டரை எடுத்தாலும், கூரையை எடுத்தாலும், மழையை எடுத்தாலும், அந்தக் கதவிலிருந்து எந்த ஓசையும் வரவில்லை.

அன்று காலை அவர் எண்ணெய் விட்டிருக்கிறார். அதை மறக்கவில்லை.